எதிராளி ஆடுவதையே திருப்பி ஆடினால் எங்கே உடைகிறது?

கொழிஞ்சாம்பாறை:
போன ஞாயிறு பாலக்காட்டில் ஒரு சதுரங்கப் போட்டி. எனக்குக் கறுப்பு, எதிரே திருச்சூர்ப் பக்கத்துச் சேட்டன். சிப்பாயை சி4 கட்டத்துக்குத் தள்ளினார், நான் சி5. இப்படி சி4-ல் தொடங்கும் இங்கிலீஷ் ஓப்பனிங்கில் எதிராளி செய்வதையே செய்வது என் பழக்கம். குதிரைகள் சி3, சி6. மந்திரிகள் (பிஷப்) ஜி2, ஜி7. 5-வது ஏ3, ஏ6. யானைகள் (ரூக்) பி1, பி8. பி4 வந்தது, வெட்டினேன்; அவரும் வெட்டினார். நான் பி5, மறுபடி வெட்டு. 9 நகர்வு முடிந்தபோது இரண்டு பக்கமும் அச்சு ஒன்றுதான்.

குதிரை எஃப்3, டி5. டி4, குதிரை எஃப்6. அப்புறம் மந்திரி எஃப்4! யானையை பி7-க்கு இறக்கினேன். குதிரை இ5 வந்தது. வெட்டினேன், சிப்பாயால் எடுத்தார். என் குதிரை எச்5-க்கு ஓட, டி5 சிப்பாயைத் தின்ற ஜி2 மந்திரி அதே இடத்திலிருந்து பி7 யானையையும் பார்த்தது. ஆட்டம் போயிற்று.

முடிந்ததும் சேட்டன், 'ஆனை தேரைப் பிடிச்சது' என்றார். மலையாளத்தில் நம் மந்திரிதான் ஆனை, நம் யானை தேர். புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. எங்கே நிறுத்தியிருக்க வேண்டும்?

வேலந்தாவளம்:
அண்ணா, முதல் நகர்வு அவருடையது. கோடு திறந்ததும் அந்த ஒரு நகர்வுதான் அடியாக விழும். மந்திரி எஃப்4-க்கு யானை பி6 போயிருக்கலாம். சி6 குதிரைக்கு காவல் இருக்கும். பி7-ல் அது இல்லை.

மூணாறு:
பி6 சரிதான். ஆனால் எனக்கு 5-வது நகர்வே உறுத்துகிறது. ஏ3 என்றாலே பி4 தள்ளப் போகிறார் என்று அர்த்தம். ஏ5 ஆடித் தடுங்கள். பி5 கட்டம் அவர் குதிரைக்குக் கிடைக்கும், அந்த விலை கொடுக்கலாம். 1843-ல் பாரிஸில் பிரெஞ்சு வீரர் செயின்ட் அமான்டுக்கு எதிராக ஆங்கிலேய வீரர் ஸ்டான்டன் சி4 ஆடினார், இங்கிலீஷ் என்ற பெயரே அவரால் வந்தது. அன்றிலிருந்து இந்த ஓப்பனிங் பொறுமையாகக் காத்திருப்பவருக்குத்தான் பலன் தருகிறது. காப்பி அடிப்பது பொறுமை ஆகாது, தம்பி.

கொழிஞ்சாம்பாறை:
பி6-ஐ நான் யோசிக்கவே இல்லை. இன்று ராத்திரி தோப்பு வேலை முடிந்ததும் ஏ5 வைத்துப் பார்க்கிறேன். அந்த பி5 குதிரையை எப்படித் துரத்துவது என்று மட்டும் சொல்லுங்கள், அண்ணா.