மறுமொழி: பிரீத்தபிள் துணிக்குத் தமிழ்ச் சொல் – ‘புழுங்காத் துணி’யை நானே திரும்பப் பெறுகிறேன்

அனைவருக்கும் வணக்கம்.

பிரீத்தபிள் துணி என்பது மழைநீரை உள்ளே விடாமல், வியர்வை ஆவியை மட்டும் வெளியே விடும் மழைச்சட்டைத் துணி. போன வாரம் நம் சொல்லாக்கக் குழுவில் அதற்குப் ‘புழுங்காத் துணி’ என்று முன்மொழிந்தது நான்தான். நன்றாக இருக்கிறது என்று பலர் எழுதினீர்கள், கோவை ஐயா நம் சொற்பட்டியலிலேயே ஏற்றிவிட்டார். இப்போது அது வேண்டாம் என்று சொல்ல வருகிறேன். காரணம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வரி. வியாசர்பாடியில் எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகள் 14 பேரை முதல் முறையாக மலைநடைக்கு அழைத்துப் போகிறோம். அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 தடங்களில் எங்களுக்குக் கிட்டத்தில் இருப்பது திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைத் தடம். முதலில் அது, பிறகு ஏலகிரி, முடிந்தால் அடுத்த வருடம் கொடைக்கானல். எதை வாங்க வேண்டும், எதை இரவல் கேட்கலாம், எதற்குக் காசைக் கரியாக்க வேண்டாம் என்று பெற்றோரும் படிக்கிற மாதிரி ஒரு சின்னக் கையேடு எழுதுகிறோம், அதற்குத்தான் இந்தச் சொற்கள். கூடாரச் சாமான்களில் தொல்லையே இல்லை. பெக் என்பதற்கு மாடு கட்டுகிற முளையே இருக்கிறது. மேலே போர்த்துவது மேல்விரிப்பு, கீழே போடுவது அடிவிரிப்பு, இழுத்துக் கட்டுவது இழுகயிறு. மழைச்சட்டையில்தான் மாட்டிக்கொண்டோம்.

இதுவரை வந்தவை:

> மூச்சுவிடும் துணி
> காற்றோட்டத் துணி
> நுண்துளைத் துணி
> ஆவிவிடு துணி
> புழுங்காத் துணி

‘மூச்சுவிடும் துணி’யை வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் உடனே கேட்டாள்: “அண்ணா, மூச்சு விட ஓட்டை வேணும்ல, அந்த ஓட்டையில மழை வராதா?” அந்தச் சொல் அங்கேயே முடிந்துவிட்டது. துணி மூச்சு விடுவதில்லை, வேறு மொழியில் அப்படிச் சொல்கிறார்கள் என்பதற்காக நாமும் சொன்னால் பிள்ளைக்குத் தப்பான படம்தான் மனதில் விழும். ‘காற்றோட்டத் துணி’ இன்னும் மோசம், ஏனென்றால் இந்த மழைச்சட்டைகள் காற்றைத் தடுப்பதற்கும் சேர்த்துத்தான் செய்யப்படுகின்றன. காற்று புகாத ஒன்றுக்குக் காற்றோட்டம் என்று பெயர் வைக்க முடியாது.

‘நுண்துளை’ பாதி சரி. 1969இல் பாப் கோர் டெஃப்லான் வகைப் பொருளை வெடுக்கென்று இழுத்து நீட்டியபோது கிடைத்த மெல்லிய சவ்வுதான் கோர்டெக்ஸ், மழைச்சட்டைத் துணிக்குள் ஒட்டுவது. அதில் உண்மையாகவே துளைகள் உண்டு, நீர்த்துளியைவிட ஏறக்குறைய 20,000 மடங்கு சிறியவை என்று அதைத் தயாரிக்கும் கோர் நிறுவனம் சொல்கிறது. ஆனால் இன்று கடையில் கிடைக்கும் சட்டைகளில் பல பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைப் பூச்சு உள்ளவை, அவற்றில் ஒரு வகைக்குத் துளையே கிடையாது. ஈரத்தை உள்பக்கம் உறிஞ்சி, சவ்வுக்குள்ளேயே நகர்த்தி, வெளிப்பக்கம் விட்டுவிடும். துளை இல்லாத துணிக்கு நுண்துளைத் துணி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, நான் ஏன் ‘புழுங்கா’ என்றேன்? பாரிமுனையில் தார்ப்பாய் விற்கும் ஒரு கடையில் சாதாரண மழைக்கோட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தபோது கடைக்காரர் சொன்னார்: “தண்ணி இறங்காது சார், ஆனா உள்ள புழுங்கும்.” காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் எங்கள் மாமாவும் அவர் போடும் ரப்பர் கோட்டைப் பற்றி அதையேதான் சொல்வார், ஒழுகாது, ஆனால் ஆள் அவிந்துவிடுவான் என்று. புழுக்கம் என்றால் என்ன என்று வடசென்னையில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம், மே மாதம் ராத்திரி ஃபேன் நின்றால் தெரிந்துவிடும். மக்கள் வாயில் இருக்கிற சொல், பொருளும் நேராக இருக்கிறது, இதைவிட வேறு என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

அப்புறம் ஏலகிரிக்கு முன்னோட்டம் பார்க்கப் போனோம், நாங்கள் மூன்று பேர். பெரம்பூரில் ரயில் ஏறி ஜோலார்பேட்டையில் இறங்கி, பேருந்தில் மேலே. (மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். இந்தக் குழுவில் இருப்பவர்கள் ஒரு தடவையாவது அந்தப் பலகைகளைப் படித்துக்கொண்டே ஏற வேண்டும்.) சுவாமிமலை உச்சிக்கு ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது, குளிர்மழை இல்லை, வெதுவெதுப்பான மழை. நான் போட்டிருந்தது நல்ல விலை கொடுத்து வாங்கிய பிரீத்தபிள் சட்டை. உச்சிக்குப் போய்க் கழற்றினால் உள்ளே பனியன் பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தது. ஒழுகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன், தையல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். எங்கும் ஒழுகவில்லை. அத்தனையும் என் வியர்வை.

அன்றைக்குக் கூடாரத்தில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் என் சொல்லின் குறை புரிந்தது. ‘புழுங்காத் துணி’ என்பது துணியின் குணத்தைச் சொல்லவில்லை, போடுகிறவருக்கு ஒரு வாக்குறுதி கொடுக்கிறது. நம் ஊர் மழையில் அந்த வாக்குறுதி பொய்த்துப்போகும். ஒரு அம்மா நம் கையேட்டைப் படித்துவிட்டு, புழுங்காது என்று நம்பி, மூவாயிரம் நாலாயிரம் கொடுத்துப் பிள்ளைக்கு வாங்கிவிட்டால் அந்தப் பணத்துக்கு நாம்தான் பொறுப்பு. மளிகைக் கடையிலும் மீன்கம்பெனியிலும் வேலை பார்த்து வருகிற பணம் அது.

ஏன் பொய்த்துப்போகிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், சொல் அங்கேயிருந்துதான் வரப்போகிறது. சவ்வு தானாக ஆவியை வெளியே தள்ளுவதில்லை. உள்ளே ஆவியழுத்தம் (காற்றில் உள்ள நீராவி கொடுக்கும் அழுத்தம்) அதிகம், வெளியே குறைவு என்றால் அந்த வித்தியாசம்தான் தள்ளுகிறது. தோல் கிட்டத்தட்ட 34 டிகிரி, வியர்த்து நனைந்திருந்தால் சட்டைக்குள் ஆவியழுத்தம் சுமார் 5.3 கிலோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). கொடைக்கானலில் 10 டிகிரி குளிரில், ஈரப்பதம் 80 சதவீதமே இருந்தாலும், வெளியே 1 கிலோபாஸ்கல்தான். வித்தியாசம் 4.3, ஆவி நன்றாக வெளியேறும். அதே 80 சதவீதத்தோடு 30 டிகிரியில், அதாவது தண்டையார்பேட்டையில் ஒரு மழை நாளில், வெளியே 3.4. வித்தியாசம் 1.9தான், கொடைக்கானலில் கிடைப்பதில் பாதிகூட இல்லை. நடக்கிற வேகத்தில் வியர்வை அதைவிட அதிகமாக ஊறும். துணியும் அதேதான், சவ்வும் அதேதான். ஊர் மாறினால் வேலை மாறுகிறது.

இதை எழுதிப் பார்த்தபோதே பள்ளிக்கூடத்து மின்சாரப் பாடம் கண்முன் வந்துவிட்டது. செம்புக் கம்பி நல்ல மின்கடத்தி, ஆனால் இரண்டு முனைக்கும் மின்னழுத்த வேறுபாடு இல்லையென்றால் அதில் மின்னோட்டம் இல்லை. கம்பியைக் குறை சொல்ல முடியுமா? இந்தத் துணியும் அப்படித்தான்.

ஆகவே என் முன்மொழிவு: ஆவிகடத்துத் துணி. குணத்தின் பெயர் ஆவிகடத்துதிறன். பிளாஸ்டிக் மழைக்கோட்டு ஆவிகடத்தாத் துணி.

மின்கடத்தி, வெப்பக்கடத்தி என்று பிள்ளைகள் ஏற்கெனவே படித்த சொற்களின் வரிசையில் இது போய் உட்கார்ந்துகொள்கிறது. கடத்தி என்றதும் ‘கொஞ்சமாகக் கடத்தும், நன்றாகக் கடத்தும்’ என்ற அளவு தானாக வந்துவிடும், ‘புழுங்கா’வில் அது இல்லை, ஒன்று புழுங்கும், இல்லை புழுங்காது. வித்தியாசம் இருந்தால்தான் கடத்தும் என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அந்த ஏழாம் வகுப்புப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப நம்ம ஊர்ல வோல்டேஜ் கம்மி” என்றாள்.

மதுரை அக்கா முன்மொழிந்த ‘ஆவிவிடு துணி’ பொருளில் இதற்கு மிகக் கிட்ட வருகிறது, நானும் இரண்டு நாள் அதன் பக்கம்தான் சாய்ந்திருந்தேன். அக்கா மன்னிக்க வேண்டும், ஆவி விடுதல் என்றால் உயிர் விடுதல். மலை ஏறப் போகிற பிள்ளையின் கையேட்டில் அது வேண்டாம். ‘ஆவிபோக்கு’ என்றாலும் இதே சிக்கல். ‘கடத்தல்’ என்றால் ஆள்கடத்தல் ஞாபகம் வராதா என்று யாராவது கேட்கலாம். மின்கடத்தியைப் படிக்கும்போது யாருக்கும் வரவில்லையே.

இனி கடையில் சட்டையில் தொங்கும் சீட்டைப் படிப்பது எளிது. 10,000 / 10,000 என்று இரண்டு எண் போட்டிருப்பார்கள். முதல் எண் நீர்புகாமை, மில்லிமீட்டரில்: 10,000 என்றால் பத்து மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்தைத் தாங்கும், மூன்று மாடி மேலே இருக்கிற தொட்டித் தண்ணீர் கீழ்க் குழாயில் அழுத்துகிற மாதிரி. இரண்டாவது எண் ஆவிகடத்துதிறன்: ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் நீராவியைக் கடத்தும் என்பது. இதை அளக்கப் பல சோதனை முறைகள் இருப்பதால் இரண்டு நிறுவனங்களின் எண்ணை அப்படியே ஒப்பிடக் கூடாது, கையேட்டில் இதைத் தடித்த எழுத்தில் போட வேண்டும் என்பது என் விருப்பம்.

கையேட்டுக்கான பரிந்துரையும் இதனால் மாறுகிறது. குடியத்துக்கும் ஏலகிரிக்கும் விலை உயர்ந்த ஆவிகடத்துச் சட்டை வேண்டவே வேண்டாம். தலைவழியே போட்டுத் தொங்கவிடும் அகலமான மழைப்போர்வை, அதாவது போன்சோ போதும், பக்கவாட்டில் காற்று புகும், பையையும் சேர்த்து மூடும். தடம் அகலமாக இருக்கும் இடத்தில் குடையே போதும், இடி மின்னல் இருந்தால் மட்டும் மடக்கிவிட வேண்டும். சட்டைதான் வேண்டும் என்பவர்கள் அக்குளில் ஜிப் உள்ளதைப் பார்த்து வாங்கட்டும். மாற்றுடை ஒன்று பாலித்தீன் பையில் கட்டாயம். மிச்சப்படும் காசை நல்ல பிடிமானமுள்ள ஷூவுக்குப் போடலாம். கொடைக்கானல் முடிவானால் அப்போது ஆவிகடத்துச் சட்டையை இரவலாகத் திரட்டிக்கொள்ளலாம், அங்கே அது தன் வேலையைச் செய்யும்.

‘புழுக்கம்’ என்ற சொல்லை நான் கைவிடவில்லை. துணிக்குப் பெயராக வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான். விளக்க வரி இப்படி இருக்கட்டும்: “இது நீர்புகா ஆவிகடத்துத் துணி. குளிரில் புழுங்காது. சென்னை மழையில் புழுங்கும்.”

இன்னும் ஒன்று பாக்கி. புதுச் சட்டையில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுமே, அந்த மேல்பூச்சுக்கு ‘நீர்விலக்கி’ என்று பட்டியலில் இருக்கிறது. பலருக்கு அது நீர்புகாமையோடு குழம்புகிறது. இந்தப் பூச்சு தேய்ந்தால் மேல்துணி தண்ணீரைக் குடித்துப் பாரமாகிவிடும், அப்போது உள்சவ்வு நன்றாகவே இருந்தாலும் ஆவி வெளியே போவது வெகுவாகக் குறைந்துவிடும். துவைத்து, மிதமான சூட்டில் உலர்த்தினால் ஓரளவு மீளும். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததைப் பார்க்காதவர் இல்லை, அதனால் ‘நீரொட்டாப் பூச்சு’ என்று மாற்றலாமா? வரும் ஞாயிற்றுக்கிழமை கையேட்டை அச்சுக்குக் கொடுக்கிறோம், மாற்றுக் கருத்து இருந்தால் சனிக்கிழமை ராத்திரிக்குள் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து