ஆர்கேட் கேசட்டை வீட்டு நியோ ஜியோவில் சொருகப் போன கதை

பழைய கேம் மெஷினோடு பட்ட பாட்டை எல்லாரும் சொல்கிறீர்கள், என் பங்குக்கு நானும். 1990-இல் ஜப்பானின் எஸ்என்கே நிறுவனம் நியோ ஜியோ என்ற வீடியோ கேம் மெஷினை இரண்டு உருவத்தில் இறக்கியது: காசு போட்டு ஆடும் ஆர்கேட் கூடங்களுக்கு எம்விஎஸ், வீட்டுக்கு ஏஇஎஸ். இரண்டிலும் அதே 12 மெகாஹெர்ட்ஸ் மோட்டோரோலா 68000 பிராசஸர், அதே யமஹா ஒலிச் சிப். அப்படியென்றால் ஆட்டம் பதிந்திருக்கும் கேசட்டும் ஒன்றுதானே என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் சறுக்கினேன்.

ஒசாகாவுக்கு வேலையாகப் போயிருந்தபோது ஒரு பழைய கேம் கடையில் மெட்டல் ஸ்லக் என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தின் எம்விஎஸ் கேசட் லேபிள் பாதி கிழிந்த நிலையில் கிடைத்தது. ஏஇஎஸ் பதிப்பு ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிற ஆட்டம், இதுவோ அதன் பக்கத்தில்கூட வராத விலை. விடுவேனா? வீட்டுக்கு வந்து என் ஏஇஎஸ்ஸில் சொருகினால் உட்காரவே இல்லை. நல்லவேளை, அழுத்தவில்லை. உள்ளே இருக்கும் ஆட்டம் அதேதான், ஆனால் பின்களின் வரிசை வேறு, கூடும் வேறு.

அப்புறம் எம்விஎஸ் கேசட்டை ஏஇஎஸ்ஸோடு இணைத்துத்தரும் ஒரு கன்வெர்ட்டர் வாங்கினேன். மெஷின் மேல் அது, அதன் மேல் கேசட், பார்க்க இட்லிக் குண்டான் மாதிரி உயரமாக நின்றது. ஆட்டம் ஓடியது, சத்தமும் சரி, ஆனால் சிப்பாய்கள் எல்லாரும் கோடு கோடாக வந்தார்கள். கன்வெர்ட்டர் போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன். ஒரு நியோ ஜியோ கேசட்டுக்குள் இரண்டு போர்டு இருக்கும், ஒன்றில் புரோகிராம், இன்னொன்றில் படங்கள் என்பது மறுநாள்தான் உறைத்தது. ஆட்டம் ஓடுகிறது, படம் மட்டும் கெடுகிறது என்றால் அழுக்கு படப் போர்டின் பின்களில்தானே? ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்துத் தேய்த்தேன், குச்சி கன்னங்கரேல் என்று வந்தது. மூன்றாவது குச்சிக்குக் கோடுகள் போய்விட்டன. (சின்ன வயதில் மாதிரி வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் பின்னை அரிக்கும்.)

இன்னொரு வேடிக்கை. ஆர்கேட் கேசட்தானே, காசு கேட்கும் என்று நினைத்தேன். கேட்கவில்லை. வீட்டு மெனுவே வந்தது, எண்ணி நாலு கிரெடிட், அதாவது காசுக்குப் பதிலாக நாலே வாய்ப்பு. ஆர்கேட் முறை, வீட்டு முறை இரண்டும் கேசட்டுக்குள்ளேயே இருக்கின்றன, எதைக் காட்டுவது என்று மெஷினுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ்தான் சொல்கிறது. சாமுராய் ஷோடவுன் என்ற வாள்சண்டை ஆட்டத்தில் ஜப்பான் மெஷினில் ரத்தம் சிவப்பாகவும் அமெரிக்க மெஷினில் வெள்ளையாகவும் வருவதும் இதனால்தான். அந்தப் பயாஸுக்குப் பதிலாக யூனிவர்சல் பயாஸ் என்ற மாற்றுப் பயாஸைப் போட்டால் நாடு, முறை இரண்டையும் நாமே மாற்றிக்கொள்ளலாம், அதைச் சொல்லித்தர யாரும் இல்லாமல் நான் ஒரு வருடம் நாலு கிரெடிட்டிலேயே மல்லுக்கட்டினேன்.

இதையெல்லாம் தாண்டி, ஆட்டத்தைச் சேமிக்கும் மெமரி கார்டு மட்டும் எம்விஎஸ், ஏஇஎஸ் இரண்டிலும் பொருந்தும்! கூடத்தில் பாதி ஆடிச் சேமித்து, வீட்டில் வந்து தொடரலாம்.

ஏஇஎஸ் கேசட் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. நான் பின்னால் இணையத்தில் 'அசல்' என்று வாங்கிய ஒரு கேசட்டைத் திறந்தால், எம்விஎஸ் சிப்களைக் கழற்றி ஏஇஎஸ் போர்டில் கையால் பற்ற வைத்திருந்தார்கள், ஈயம் திட்டுத்திட்டாக. விற்றவரிடம் கேட்டதற்குப் பதிலே இல்லை. ஆட்டம் என்னவோ நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் உள்போர்டின் படத்தைக் கேளுங்கள், தயங்கினால் நகர்ந்துவிடுங்கள்.