புதுப்பிப்பு: சைலோவில் நெல் இருக்கும்போதே ஸ்குரூவைக் கழற்றுவது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேட்டிருந்தது இது: சைலோ (நெல் சேமிக்கும் பெரிய உருளைக் கலன்) தரைக்கு அடியில், குழாய்க்குள் சுழன்று நெல்லை வெளியே தள்ளும் 150 மி.மீ. ஸ்குரூவில், அதை நடுவில் தாங்கும் ‘நடுத்தாங்கி’ பேரிங் அடிக்கடி போகிறது, மாற்ற நெல் முழுவதையும் அள்ள வேண்டியிருக்கிறது.

சீல் வைத்த பேரிங் நிற்கவில்லை. உமியில் சிலிக்கா அதிகம், சீலையே அரைத்துவிட்டது. கைகொடுத்தது ‘நடுத்தாங்கியே வேண்டாம்’ என்ற யோசனைதான். ஸ்குரூ இப்போது குழாய்க்குள் படுத்தபடி ஓடுகிறது. பேரிங் ஒன்றே ஒன்று, சுவருக்கு வெளியே, நான்கு போல்ட் ஃபிளாஞ்சில்.

கழற்ற: ஷட்டர்களை (சைலோ தரையில் நெல் இறங்கும் திறப்புகளின் கதவுகள்) மூடி, குழாயில் உள்ளதை ஓட்டித் தள்ளி, ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு போல்ட்டைக் கழற்றி இழுக்கலாம். 3 மீட்டர் வெளியே வந்ததும் இணைப்பு போல்ட் தெரியும். பிரித்துவிட்டு மீதியை இழுங்கள். குழாயில் நெல் அடைத்திருந்தால் பைப் ரெஞ்ச் போட்டு எதிர்த்திசையில் சுற்றுங்கள், திருகாணி மாதிரி தானே வெளியே வரும்.

எதிர்பாராதது: ஷட்டரைத் திறந்ததும் நெல் குவிந்து மோட்டார் டிரிப் ஆனது. ஷட்டருக்கு நேர்கீழே மட்டும் பிட்சை (ஸ்குரூவின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள இடைவெளி) 75 மி.மீ. ஆக்கியதும் சரியானது. வெறுமனே ஓட்டாதீர்கள், குழாய் தேயும்.

திறக்கும்போது நடு ஷட்டர்தான் முதலில். அதில் நெல் வருவது நின்ற பிறகே ஓர ஷட்டர்கள். மாற்றித் திறந்தால் சுமை ஒருபக்கம் சாய்ந்து சைலோவின் சுவர்த் தகடு நெளியும்.