எம்.ஜி.எம். சிங்கம்: கணினியில் வரைந்ததை ஏற்கலாமா?

சுருள்பெட்டி எழுதியது:

ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். (மெட்ரோ-கோல்ட்வின்-மேயர்) நிறுவனம் தன் படங்களின் தொடக்கத்தில் வரும் சிங்கத்தை 2021ஆம் ஆண்டில் மாற்றிவிட்டது. 1957 முதல் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அதே தங்க வளையத்துக்குள்ளிருந்து தலையைத் திருப்பிக் கர்ஜித்துவந்த லியோ என்ற உயிருள்ள சிங்கத்தின் இடத்தில், அதன் சாயலில் கணினியில் உருவாக்கிய ஒன்று இப்போது அமர்ந்திருக்கிறது. பிடரியின் ஒவ்வொரு மயிரும் துல்லியமாகத் தெரிகிறது என்று சிலர் பாராட்டுகிறார்கள். எனக்கு அந்தத் துல்லியம்தான் உறுத்துகிறது. சினிமா என்பது ஏதோ ஒரு நாளில் லென்ஸின் முன் உண்மையில் இருந்த ஒன்றைப் பிடித்துவைக்கும் தொழில் என்று நம்புகிறவன் நான். பழைய லியோ முழுதாக வளராத பிடரியோடு, சற்றே சலித்த பார்வையோடு இருந்தது; படப்பிடிப்பு நாளில் அதற்கு எப்படி இருந்ததோ அப்படியே பதிவாகியிருந்தது. புதியதற்கு அப்படி ஒரு நாளே கிடையாது. இந்த மாற்றம் தேவையற்றது என்பது என் தரப்பு. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஒலிக்கலவை எழுதியது:

காரணத்தோடே மறுக்கிறேன். நீங்கள் உண்மை என்று போற்றும் லியோவின் கர்ஜனை சிங்கத்தினுடையதே அன்று. 1982இல் அந்த முகப்புக்குப் புதிய ஒலித்தடம் அமைத்த ஒலி வடிவமைப்பாளர் மார்க் மாங்கினி, சிங்கம் எழுப்பும் ஒலியில் அந்த அளவுக்கு மூர்க்கம் இல்லை என்று கருதிப் புலியின் உறுமல்களைச் சேர்த்தார். பல ஆண்டுகளாக நாம் கேட்டுச் சிலிர்த்தது சிங்கத்தின் வாயசைப்புக்குப் புலி கொடுத்த பின்னணிக் குரல்.

அடுத்தது, சிங்கம் அந்த நிறுவனத்துக்கே சொந்தமாகப் பிறந்ததும் அன்று. 1924 ஏப்ரலில் திரையரங்கு அதிபர் மார்க்கஸ் லோ, மெட்ரோ பிக்சர்ஸ், கோல்ட்வின் பிக்சர்ஸ், லூயி பி. மேயரின் நிறுவனம் ஆகிய மூன்றையும் இணைத்தபோது, கோல்ட்வின் நிறுவனத்திடமிருந்து சீதனமாக வந்தது அந்தச் சின்னம். அதை அங்கே உருவாக்கிய விளம்பர அலுவலர் ஹோவர்ட் டியட்ஸ், தாம் படித்த கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சிங்கத்தை மனத்தில் வைத்தே வரைந்தார். சாமுவேல் கோல்ட்வினோ இணைப்புக்கு முன்பே தம் சொந்த நிறுவனத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர். தம் பெயரையும் சிங்கத்தையும் தாங்கிய நிறுவனத்தில் அவர் ஒரு நாளும் பங்கேற்கவில்லை. இரவல் சின்னம், இரவல் குரல். உருவத்தை மட்டும் கணினி தந்தால் குடி முழுகிவிடுமா?

மரநிழல் எழுதியது:

நான் விலங்குகளின் பக்கம் நின்று பேசுகிறேன். முதல் சிங்கம் தன் பயிற்சியாளரையே கொன்றுவிட்டது என்று படித்திருக்கிறேன். சிங்கத்தை ஒரு மேசையில் கட்டிவைத்துத் தலையைச் சட்டத்துக்குள் நுழைத்துப் படம்பிடித்ததாகக் காட்டும் புகைப்படத்தையும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கொடுமைக்குக் கணினிச் சிங்கம் எவ்வளவோ மேல்.

சுருள்பெட்டி எழுதியது:

நண்பர் மரநிழல் மன்னிக்க வேண்டும், இரண்டும் கட்டுக்கதைகள். அந்தப் புகைப்படம் இஸ்ரேலில் நோயுற்ற ஒரு சிங்கத்துக்கு விலங்கு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தபோது பதிவானது. முகப்பு வளையத்தை யாரோ அதன்மேல் பொருத்திப் பரப்பிவிட்டார்கள். 1924 முதல் 1928 வரை தோன்றிய முதல் சிங்கமான ஸ்லாட்ஸ், 1919இல் டப்ளின் விலங்குக் காட்சிசாலையில் பிறந்தது. அதன் பயிற்சியாளர் வால்னி ஃபைஃபர் அதன் கையால் சாகவில்லை; 1936இல் அது இறந்தபோது நியூ ஜெர்சியிலிருந்த தம் பண்ணையில் அதைப் புதைத்ததே அவர்தாம்.

ஆனால் விலங்குகளை விளம்பரத்துக்காக ஆபத்தில் தள்ளினார்கள் என்பதை மறைக்க மாட்டேன். 1927 செப்டம்பரில் நிறுவனத்தின் சிங்கம் ஒன்றைக் கண்ணாடி தடுத்த கூண்டில் ஏற்றி, சான் டியாகோவிலிருந்து நியூயார்க்குக்கு மார்ட்டின் ஜென்சன் என்ற விமானி பறந்தார். விமானம் அரிசோனா மலைப்பகுதியில் விழுந்தது. விமானியும் சிங்கமும் பிழைத்தது அதிசயம். இதைக் காட்டி இனி உயிருள்ள சிங்கம் வேண்டாம் என்றால் ஒப்புக்கொள்வேன். ஆனால் லியோவின் படச்சுருள் ஏற்கெனவே கையில் இருந்ததே! அதைத் தொடர்ந்து பயன்படுத்த எந்தச் சிங்கத்தையும் புதிதாகக் கட்டிவைக்க வேண்டியதில்லையே.

ஒலிக்கலவை அவர்களுக்கு: ஒலியைப் பிற்பாடு சேர்ப்பது சினிமாவின் இயல்பு. ஸ்லாட்ஸ் ஊமைப்பட காலத்தது, சுற்றுமுற்றும் பார்த்ததோடு சரி. 1928இல் வந்த ஜாக்கி என்ற சிங்கத்தின் கர்ஜனைதான் முதலில் கேட்டது, அதுவும் திரையரங்கில் இசைத்தட்டைச் சுழலவிட்டு. இருநிறப் படச்சுருளைச் சோதிக்க வேறு இரு சிங்கங்கள் வந்தன. மூன்று நிற டெக்னிகலர் என்ற வண்ணப்பட முறை வந்ததும் டேனர் என்ற சிங்கம் வந்தது. தொழில்நுட்பம் மாறிய ஒவ்வொரு முறையும் ஒரு சிங்கத்தை அழைத்துவந்து ஒளியில் நிறுத்தினார்கள். அந்தச் சங்கிலிதான் 2021இல் அறுந்தது.

ஒலிக்கலவை எழுதியது:

சங்கிலி அதற்கு முன்பே ஒரு முறை அறுந்திருக்கிறது. 1960களில், காலத்துக்கு ஏற்ப நவீனமாகத் தெரிய வேண்டும் என்று சிங்கத்தின் தலையை எளிய கோடுகளில் வரைந்து, அசையாத சின்னமாக விரல்விட்டு எண்ணத்தக்க சில படங்களில் வைத்தார்கள். 1968இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ தொடங்குவது அந்த ஓவியச் சிங்கத்தோடுதான். வானம் இடிந்து விழவில்லை.

சுருள்பெட்டி எழுதியது:

விழவில்லை, ஓவியச் சிங்கம்தான் திரையில் நிலைக்கவில்லை. அது இசைத்தட்டு உறைகளுக்கும், பிற்பாடு லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிக்கும் போய்ச்சேர்ந்தது. திரைக்கு லியோவே திரும்பியது. நீங்கள் எடுத்துக்காட்டியது என் தரப்புக்கான சாட்சி.

காப்பறை எழுதியது:

இருவரும் சிங்கத்தைப் பற்றியே வாதாடுகிறீர்கள், அது யாருக்காகக் கர்ஜிக்கிறது என்று கேட்கவில்லை. 1969இல் கிர்க் கெர்கோரியன் என்ற முதலீட்டாளர் எம்.ஜி.எம். நிறுவனத்தைக் கைப்பற்றினார். அடுத்த ஆண்டே பல பத்தாண்டுகளாகச் சேர்ந்திருந்த உடைகளும் அரங்கப் பொருள்களும் ஏலத்துக்குப் போயின. ‘தி விசர்ட் ஆஃப் ஆஸ்’ படத்தின் மாணிக்கச் செருப்புகள் 15,000 டாலருக்கு விலைபோனது அந்த ஏலத்தில்தான். 1986இல் ஊடக அதிபர் டெட் டர்னர் நிறுவனத்தை வாங்கி, கடன் சுமை தாங்காமல் சில மாதங்களில் பெரும்பகுதியைத் திருப்பி விற்றார்; ஆனால் பழைய படங்களின் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். கல்வர் சிட்டியில் இருந்த புகழ்பெற்ற படப்பிடிப்பு வளாகம் லோரிமார் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பு நிறுவனத்துக்குப் போய், இன்று சோனியின் கையில் இருக்கிறது. டர்னரின் சொத்து 1996இல் டைம் வார்னரோடு சேர்ந்தது.

இதன் விளைவைச் சற்று எண்ணிப்பாருங்கள். 1939இல் எடுத்த ஒரு எம்.ஜி.எம். படத்தை இன்று பார்த்தால் தொடக்கத்தில் எம்.ஜி.எம். சிங்கம் கர்ஜிக்கும், ஆனால் அந்தப் படம் வார்னருடையது. அது படமான இடமோ சோனியுடையது. எம்.ஜி.எம். என்ற பெயரையும் பிற்காலப் படங்களையும் 2022 மார்ச்சில் 845 கோடி டாலருக்கு அமேசான் வாங்கியது. தளம் போய், களஞ்சியம் போய், கடைசியில் மிஞ்சிய சொத்துகளில் மிக அதிகம் பேருக்குத் தெரிந்தது அந்தச் சிங்கமுகம். அதை எந்த அளவுத் திரையிலும் மங்காமல் காட்ட விரும்புவது வணிகருக்கு இயல்பு. சுற்றியுள்ள வளையத்தில் ‘கலைக்காகவே கலை’ என்று இலத்தீனில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நாம் ஏமாந்தால் அது நம் பிழை.

சுருள்பெட்டி எழுதியது:

காப்பறை அவர்கள் சொன்னதை மறுக்க இயலவில்லை. புலி விஷயத்திலும் ஒலிக்கலவையிடம் தோற்றேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு கோரிக்கையை விடமாட்டேன்: பழைய படங்களை மீட்டெடுத்து வெளியிடும்போது அவற்றின் தலைப்பில் இருந்த சிங்கத்தை அகற்றிப் புதியதை ஒட்டக் கூடாது. ‘தி விசர்ட் ஆஃப் ஆஸ்’ வண்ணப் படமாக இருந்தும் டெக்னிகலர் டேனருக்குப் பதில் ஜாக்கிதான் வருகிறது, ஏனென்றால் படம் பழுப்பு நிறத்தில் தொடங்குகிறது. 1959இல் வந்த ‘பென்-ஹர்’ படத்திலோ கர்ஜனையே இல்லை. இயேசு பிறப்புக் காட்சியோடு தொடங்கும் படத்துக்கு அது பொருந்தாது என்று இயக்குநர் வில்லியம் வைலர் கருதியதால் சிங்கம் வாய்திறக்காமல் இருக்கிறது. இந்த முடிவுகள் எல்லாம் படத்தைச் சேர்ந்தவை, வணிக முத்திரையைச் சேர்ந்தவை அல்ல.

ஒலிக்கலவை எழுதியது:

இதில் நான் உங்கள் பக்கம். ‘பென்-ஹர்’ தொடக்கத்தில் யாராவது புலி உறுமலைச் சேர்த்தால் முதல் கண்டனக் கடிதம் என்னுடையது. 2021க்குப் பின் வரும் படங்களைப் பற்றி மட்டும் நம் சண்டை தொடரட்டும்.