நம்பிக்கையை ஆங்கிலமும் உஸ்பெக்கும் சொல்லும் விதம்

கேள்வி:
ஆங்கிலத்தின் 'ஹோப்' என்பதற்கு உஸ்பெக் அகராதிகள் 'உமித்' என்ற பாரசீக வழிச் சொல்லைத் தருகின்றன. 'ஹோப்' பெயராகவும் வினையாகவும் நிற்கிறது. உமித்தோ பெயராக மட்டுமே நின்று, வினை வேண்டுமிடத்தில் 'செய்தல்' எனப் பொருள்படும் 'கில்மோக்'கைத் துணைக்கு அழைக்கிறது. இந்த வேறுபாட்டால் உணர்வைப் பேசும் முறையும் மாறுகிறதா?

பதில் 1:
கில்மோக்கை வைத்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம். இரவல் பெயர்ச்சொற்கள் பலவற்றை உஸ்பெக் அப்படித்தான் வினையாக்குகிறது. 'உமித் கிலமன்கி' (நம்புகிறேன்) என்று தொடங்கி நலம் விசாரிக்கும் கடித வாக்கியமும் அதற்கிணையான ஆங்கில வாக்கியமும் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

கவனிக்க வேண்டியவை உமித்துடன் சேரும் பிற வினைகள். ஒருவர்மீது நம்பிக்கை வைப்பதைக் 'கட்டுதல்' என்னும் வினையாலும், அதைக் கைவிடுவதை 'அறுத்தல்' என்னும் வினையாலும் சொல்கிறார்கள். முன்னதற்கு நம் நான்காம் வேற்றுமையை ஒத்த 'கா' உருபும், பின்னதற்கு நீங்கற்பொருள் தரும் 'தன்' உருபும் வருகின்றன. 'சென்தன் உமிதிம் கத்தா' என்று பெற்றோர் பிள்ளையிடம் சொல்லும்போது, உன்னிடமிருந்து நான் எதிர்பார்ப்பது பெரிது என்ற பாசமும், பிள்ளையின் தோளில் ஏறும் சுமையும் ஒருங்கே ஒலிக்கின்றன. ஆங்கிலத்திலும் ஒருவர்மேல் நம்பிக்கையை ஊசியால் குத்தி வைக்கும் வழக்கு உண்டு. ஆனால் அன்றாடப் பேச்சில் 'ஹோப்' வினை பெரும்பாலும் மழை நிற்பது, ரயில் வருவது போன்ற நிகழ்ச்சிகளையே நாடுகிறது.

பதில் 2:
'நம்பிக்கையோடு' எனப் பொருள்படும் 'ஹோப்ஃபுலி' என்ற ஆங்கில வினையடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாக்கியம் முழுவதற்கும் பொருந்துமாறு அதைத் தொடக்கத்தில் வைப்பது தவறென்று நடைக் காவலர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ்ஸின் நடைக் கையேடு 2012இல்தான் அதை ஏற்றது. உஸ்பெக்கில் ஏறக்குறைய அந்த இடத்தில் 'ஷோயத்' நிற்கிறது. பாரசீகத்தில் வெறும் 'ஒருவேளை'யாக இருக்கும் அச்சொல், உஸ்பெக்கில் நிபந்தனை வினையோடு சேர்ந்து, நல்லது நடக்காதா என்ற ஏக்கத்தைப் பெறுகிறது.

பதில் 3:
சமயத்தை விட்டுவிட்டீர்கள். மனமொடிந்தவரைத் தேற்ற உஸ்பெக்கியர் 'நோவுமித் ஷைத்தோன்', அதாவது நம்பிக்கையற்றவன் ஷைத்தான், என்கிறார்கள். இறைவனின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்னும் குர்ஆன் வசனம் (39:53) ஊறிய சமூகத்தில், விரக்தி துயரமாக மட்டுமன்றிக் குற்றமாகவும் எண்ணப்படுவதில் வியப்பில்லை. ஆங்கிலத்திலும் விசுவாசம், அன்பு ஆகியவற்றோடு நம்பிக்கையைக் கிறித்தவ அறமாக வைத்த மரபு உண்டு. இன்று பேருந்துக்குக் காத்திருப்பவர் 'ஹோப்' என்று சொல்லும்போது அந்த வாசனை அறவே இல்லை. 'நோவுமித் ஷைத்தோன்' என்பதில் அது இன்னும் கலையவில்லை.