நெரிசலான விமான நிலையத்தில் செஸ்னா 172: வேகம் பிடித்து வருவதா, விலகி நிற்பதா?

சிட்டுக்குருவி எழுதியது:

அமெரிக்காவின் ஹூஸ்டன் ஹாபி போன்ற, ஜெட்டுகள் வந்துபோகும் நெரிசலான விமான நிலையத்துக்குச் சிறிய விமானமான செஸ்னா 172ஐக் கொண்டுபோகலாமா என்று சென்ற வாரம் இங்கே ஒருவர் கேட்டபோது, "போகாதீர்கள்" என்பதே பெரும்பாலோரின் பதிலாக இருந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சிக்கல் விமானத்தின் வேகத்தில் இல்லை, ஓட்டுபவரின் பழக்கத்தில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கடைசி 5 கடல்மைலை 140 நாட்டில் (மணிக்கு 140 கடல்மைல் வேகத்தில்) வரும் போயிங் 737 ஜெட் ஏறத்தாழ 2 நிமிடம் 10 நொடியில் கடந்துவிடும். பள்ளியில் கற்றபடி 70 நாட்டில் ஊர்ந்து வரும் 172க்கோ 4 நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். அதே 172 நான்கு மைல்களை 110 நாட்டில் கடந்து, கடைசி ஒரு மைலில் மட்டும் வேகத்தைக் குறைத்தால் மொத்தமே 3 நிமிடந்தான். 110க்குக் கீழே முதல் 10 பாகை ஃபிளாப் (மெதுவாகப் பறப்பதற்காக இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் மடல்), 85க்குக் கீழே மீதி, ஓடுபாதை முனையில் 65. இப்படி நான் பலமுறை இறங்கியிருக்கிறேன். எனக்குப் பின்னால் வந்த எந்த ஜெட்டுக்கும் என்னால் இறங்காமல் மீண்டும் மேலேற நேர்ந்ததில்லை.

ஆலா எழுதியது:

உங்கள் திறமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் என் கேள்வி, எதற்காக அங்கே வரவேண்டும் என்பதுதான். ஹாபியைச் சுற்றி பியர்லேண்ட், சுகர்லேண்ட், எலிங்டன் என்று சிறிய விமானங்கள் இறங்க வசதியான இடங்கள் இருக்கின்றன. நான் பயணியர் ஜெட்டில் துணை விமானி. உங்களுக்காக நாங்கள் ஒருமுறை மீண்டும் மேலேறினால் செலவாகும் எரிபொருளில் நீங்கள் பல நாள் பறக்கலாம்.

இது புதிய வழக்கும் அன்று. 1968இல் நியூயார்க் விமான நிலையங்களில், நெரிசல் நேரத்தில் இறங்கும் சிறிய விமானங்களுக்கான குறைந்தபட்சக் கட்டணத்தை 5 டாலரிலிருந்து 25 டாலராக உயர்த்தினார்கள். உயர்த்தியதும் அந்த நேரத்தில் வந்துகொண்டிருந்த சிறிய விமானங்களில் கணிசமானவை ஒதுங்கிக்கொண்டன. அங்கே வந்தே தீரவேண்டிய தேவை அவர்களில் பலருக்கு இருக்கவில்லை என்பதைத்தானே அது காட்டுகிறது?

வலவன் எழுதியது:

நான் பயிற்றுநர். உங்கள் இருவரோடும் எனக்கு வழக்கு உண்டு, முதலில் சிட்டுக்குருவியிடம்.

3 பாகைச் சரிவில் ஓடுபாதைக்கு ஒரு மைல் முன்னால் இருக்கும்போது நீங்கள் தரையிலிருந்து ஏறத்தாழ 320 அடி உயரத்தில்தான் இருக்கிறீர்கள். அந்த உயரத்தில் எஞ்சின் விசையைக் குறைத்து, ஃபிளாப்பை இரண்டு மூன்று தடவையாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் ட்ரிம் (விமானத்தின் மூக்கு நிலையைச் சமன்செய்யும் அமைப்பு) சரிசெய்து, 45 நாட்டை உதிர்க்கவேண்டும். உங்களுக்கு அது கைப்பழக்கம். பெரிய விமான நிலையம் ஒன்றில் என் மாணவர் இதை முயன்றபோது நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். வலது கை ட்ரிம் சக்கரத்தை உருட்டிக்கொண்டிருந்தது, இடது கட்டைவிரல் பேச்சுப் பொத்தானின் மேல் இருந்தது, கண்ணோ பின்னால் வரும் ஜெட்டைத் தேடிச் சன்னலுக்குப் போயிருந்தது. முனையைத் தாண்டும்போது முள் 80இல் நின்றது. விமானம் தரையைத் தொட மறுத்து மிதந்துகொண்டே போனது. சக்கரம் படும்போது ஓடுபாதையில் மூன்றில் ஒரு பங்கு பின்னால் போயிருந்தது. பாதை நீளமாக இருந்ததால் தப்பித்தோம்.

அடுத்து ஹாபியையே எடுத்துக்கொள்வோம். 2016 ஜூன் 9 அன்று அங்கே சிர்ரஸ் எஸ்ஆர்20 என்ற சிறிய விமானம் ஒன்று விழுந்து மூவர் இறந்தார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்கள் முதலில் 4ஆம் ஓடுபாதைக்கு வரச் சொன்னார்கள். பின்னால் வந்த 737 நெருங்கிவிட்டதால் விலகச் சொன்னார்கள். பிறகு 35ஆம் ஓடுபாதைக்கு மாற்றினார்கள். அதில் உயரம் குறையாமல் மீண்டும் மீண்டும் மேலேற நேர்ந்தது. கடைசியாக மேலேறுகையில், போதிய வேகம் வருமுன் ஃபிளாப்பை மடக்கியதில் விமானம் ஸ்டாலாகி, அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்து, சுழன்று, ஒரு கடையின் வாகன நிறுத்துமிடத்தில் விழுந்தது.

சிட்டுக்குருவி எழுதியது:

அந்த விபத்தை வைத்து என்னை மறுக்க முடியாது, வலவன் ஐயா. வேகமாக வந்ததால் அந்த விமானம் விழவில்லை, மெதுவாகப் போனதால்தான் விழுந்தது. அந்த விமானி செய்த பிழை, கோபுரம் சொன்னதையெல்லாம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. ஓடுபாதையை ஒட்டிய நெருக்கமான சுற்று, மாறும் ஓடுபாதை, குறுக்குக்காற்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. என்னைப்போல் அந்த நெரிசலில் பழகியவருக்கு அது வேறு நாளாக இருந்திருக்கும்.

ஆலாவுக்கு ஒரு சொல். கூட்டரசின் மானியம் வாங்கிய விமான நிலையம், நியாயமற்ற பாகுபாடின்றி எல்லா வகை விமானங்களுக்கும் திறந்திருக்கவேண்டும் என்பது அந்த மானியத்தோடு வரும் நிபந்தனை. பாஸ்டன் லோகனில் சிறிய விமானங்களின் கட்டணத்தை ஏற்றிய திட்டத்தை 1988இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையே செல்லாது என்றது. எனவே "ஏன் வந்தாய்" என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லத் தேவையில்லை. "எப்படி வந்தாய்" என்று கேளுங்கள், சொல்கிறேன்.

கோபுரவாசி எழுதியது:

பல ஆண்டுகள் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஹாபி விபத்தைப் பற்றி நீங்கள் இருவரும் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்லவேண்டும். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், விமானி ஃபிளாப்பை மடக்கிய முறையை முதன்மைக் காரணமாகச் சொன்னாலும், அவரை அந்தச் சுற்றிலேயே வைத்துக்கொள்ள முடிவெடுத்த கட்டுப்பாட்டாளரையும், நெருக்கடியான நேரத்தில் தேவையில்லாமல் சிக்கலான கட்டளை கொடுத்த இன்னொருவரையும் உடன் காரணங்களாகச் சேர்த்திருக்கிறது. விமானி அழுத்தமாகப் பேசவில்லை என்பதும் அதில் உண்டு.

எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால், 110இல் வருவேன் என்று முதல் அழைப்பிலேயே சொல்பவரையும், 75க்கு மேல் இயலாது என்று முதல் அழைப்பிலேயே சொல்பவரையும் சமமாக விரும்புவோம். 110 என்று சொல்லிவிட்டு மூன்றாம் மைலில் 80க்கு இறங்குபவர்தான் எங்கள் கணக்கைக் குலைப்பவர். "இயலாது" என்ற ஒரே சொல்லைக் கேட்டால் மறு ஓடுபாதையைத் தருவேன், அல்லது 737ஐ முன்னால் விட்டுவிட்டு உங்களை வட்டமடிக்கச் சொல்வேன். எனக்கு அது பத்து நொடி வேலை. அதைச் சொல்லத் தயங்கித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, நேரக் கணக்குப் போடும் யாரும் இங்கே இறக்கைச் சுழலைப் பற்றிப் பேசவில்லை. 737ஐப் பார்த்துவிட்டேன், பின்தொடர்கிறேன் என்று நீங்கள் சொன்ன நொடியிலிருந்து அந்த இடைவெளி உங்கள் பொறுப்பு. அதன் இறக்கை முனைகளிலிருந்து கிளம்பும் சுழல்கள் நிமிடத்துக்குச் சில நூறு அடி வீதம் கீழிறங்கும். மெல்லிய குறுக்குக்காற்று இருந்தால் ஒரு சுழல் ஓடுபாதையிலேயே நின்றுவிடும். ஆகவே அதன் சரிவுக்கு மேலேயே இருந்து, அது சக்கரம் பதித்த இடத்தைத் தாண்டி இறங்கவேண்டும். இதைச் செய்ய உயரம் வேண்டும், பொறுமை வேண்டும்; 110 நாட்டில் விரைந்து வருபவர் 70இல் வருபவரைவிட முன்னால் போகும் ஜெட்டுக்கு நெருக்கமாக வருகிறார் என்பதைச் சிட்டுக்குருவி எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆலா எழுதியது:

அப்படியானால் என் பக்கமே வலுக்கிறது. கண்ணால் பார்த்து விலகுவதை நம்பி இருவகை விமானங்களையும் கலப்பதே ஆபத்து. சான் டியேகோவில் 1978 செப்டம்பர் 25 அன்று பயணியர் ஜெட்டான 727 ஒன்றும் செஸ்னா 172 ஒன்றும் மோதி 144 பேர் இறந்தார்களே!

வலவன் எழுதியது:

அந்த எடுத்துக்காட்டைத் தொடாமல் இருந்திருக்கலாம், தம்பி. அங்கே முன்னால் இருந்தது செஸ்னா. அதைப் பார்த்துவிட்டோம் என்று சொல்லிப் பிறகு கண்ணிலிருந்து தவறவிட்டது 727இன் குழு. 1986இல் கலிஃபோர்னியாவின் செரிட்டோஸில் பயணியர் ஜெட் ஒன்றும் பைப்பர் ஒன்றும் மோதியது வேறு. அங்கே அனுமதியின்றி வான்பரப்புக்குள் நுழைந்தது சிறிய பைப்பர்தான், அதிலிருந்து உயரத்தைத் தெரிவிக்கும் கருவியும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் குற்றம் விமானத்தின் அளவில் இல்லை.

கோபுரவாசி சொன்னதை ஏற்கிறேன், ஒன்றைத் தவிர. "இயலாது" என்று சொல்வது பத்து நொடி வேலை என்பது உங்கள் நாற்காலியில் உண்மை. அறுபது மணி நேரம் பறந்தவருக்கு, தன்னைவிட இருமடங்கு வேகத்தில் வருபவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும் அலைவரிசையில் அந்தச் சொல் வாயிலிருந்து வருவதில்லை. ஆகவே என் மாணவர்களைக் காலை பத்து மணிபோல, நெரிசல் தணிந்த நேரத்தில் அழைத்துப் போய், வேண்டுமென்றே மூன்றுமுறை "இயலாது" சொல்லவைக்கிறேன். பிறகுதான் தனியே போக விடுவேன்.

சிட்டுக்குருவி எழுதியது:

சுழல் பற்றிய கண்டிப்பை ஏற்கிறேன். ஜெட்டுக்குப் பின்னால் வரும்போது 110 வேண்டாம், முன்னால் வரும்போது மட்டும் என்று திருத்திக்கொள்கிறேன். வேகம் குறைக்கும் இடத்தையும் ஒரு மைலிலிருந்து இரண்டாக்கிப் பார்க்கிறேன். கணக்குப்படி ஏறத்தாழ 20 நொடிதான் கூடுகிறது. ஆனால் நெரிசல் நேரமான மாலை ஐந்து மணிக்கு வரக்கூடாது என்பதை மட்டும் ஏற்கமாட்டேன். என் அலுவலகம் விடுவதே அப்போதுதான், ஆலா.