உயர் பெரிதா, உச்சம் பெரிதா?

சிட்னியிலிருந்து:
வணக்கம். புதிதாகக் குடியேறுவோருக்கான சட்டக் கையேட்டைத் தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமை கெடு. ஆஸ்திரேலியாவில் ஹை கோர்ட்தான் நாட்டுக்கே கடைசி. சுப்ரீம் கோர்ட் மாநிலத்துக்கு ஒன்று, அதற்குக் கீழ். 'உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் போகலாம்' என்று எழுதினால் அச்சுப்பிழை என்பார்கள். அப்புறம், காமன் லாவுக்கு (நீதிபதிகளின் தீர்ப்புகளால் உருவாகும் சட்டம்) என்ன போடுவது?

யாழ்ப்பாணத்திலிருந்து:
எங்களுக்குக் குழப்பமே இல்லை, தம்பி. இங்கே சுப்ரீம் கோர்ட்தான் உயர் நீதிமன்றம். ஹை கோர்ட் மேல் நீதிமன்றம். நாட்டுக்கு 'உயர்', மாநிலத்துக்கு 'மேல்' என்று போடுங்கோ.

மதுரையிலிருந்து:
உச்சமும் வடசொல், நீதியும் வடசொல். மதுரைக்காஞ்சியிலேயே 'அறங்கூறு அவையம்' இருக்கிறதே! தலைமை அறங்கூறவையம் என்க.

கோலாலம்பூரிலிருந்து:
'அவை'யே 'சபா'விலிருந்து வந்தது என்பாரும் உண்டு, ஐயா. மலேசியாவில் எல்லாவற்றுக்கும் மேலே ஃபெடரல் கோர்ட். எங்கள் நாளிதழ்களில் அது 'கூட்டரசு நீதிமன்றம்' என்றுதான் வரும்.

(அவையா சபாவா என்று மதுரை ஐயா எழுதிய நான்கு மடல்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். – மட்டுறுத்துநர்)

சிட்னியிலிருந்து:
கூட்டரசு சரிவராது. ஃபெடரல் கோர்ட் என்றே இங்கு வேறொன்று 1977 முதல் இயங்குகிறது.

சென்னையிலிருந்து:
வழக்கறிஞனாகச் சொல்கிறேன். சம்மனோடு வாசலில் நிற்பவர் தேடுவது பலகையில் இருக்கும் பெயரை. அதை அப்படியே ஒலிபெயருங்கள், பக்கத்தில் விளக்கம் கொடுங்கள். காமன் லாவைப் 'பொதுச் சட்டம்' என்றால் இங்கே பொது சிவில் சட்டம் என்று நினைத்துச் சண்டைக்கு வருவார்கள். 'தீர்ப்புவழிச் சட்டம்' எப்படி? 1992இல் உங்கள் ஹை கோர்ட்டின் மாபோ வழக்கில் மெர் தீவு மக்களின் பூர்வீக நில உரிமையை ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் ஏற்றார்கள். நாடாளுமன்றம் அதற்கென்று சட்டம் இயற்றியது அடுத்த ஆண்டுதான். அதுவரை தீர்ப்பேதானே சட்டம்?

யாழ்ப்பாணத்திலிருந்து:
அந்தச் சொல் நல்லாயிருக்கு. ஆனால் ஒலிபெயர்ப்பு சோம்பேறித்தனம்.

சிட்னியிலிருந்து:
நேரமில்லை, அண்ணா. 'ஹை கோர்ட் (நாட்டின் இறுதி நீதிமன்றம்)', 'மாநில சுப்ரீம் கோர்ட்', 'தீர்ப்புவழிச் சட்டம்' என்று அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

மதுரையிலிருந்து:
அடைப்புக்குறிக்குள் 'நாட்டின் இறுதி' தமிழ். மற்றவற்றுக்கு என் எதிர்ப்பு பதிவாகட்டும்.